ஏழாவது காலம்

ஐஸ் கம்பெனிக்காரர் வந்த நாள்

“இங்க கம்ப்யூட்டரு யாரு?”

கதவைத் தள்ளிக்கொண்டு வந்தவர் இப்படித்தான் கேட்டார். செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், ஒரு பாத்திரக்கடையின் மாடியில் இருந்தது எங்கள் ஜாப் ஒர்க் சென்டர். தொண்ணூறுகளின் பின்பாதி அது. ஊரில் யாருக்கு எதைக் கம்ப்யூட்டரில் ஏற்றவேண்டும் என்றாலும் எங்களிடம்தான் வருவார்கள். நான் அங்கே இன்சார்ஜ். இன்சார்ஜ் என்றால் சம்பளம் அதிகம் என்று நினைத்துவிடாதீர்கள். சாவி என்னிடம் இருக்கும், அவ்வளவுதான்.

“கம்ப்யூட்டர் அதோ இருக்குதுங்க. நான் இன்சார்ஜ்” என்றேன்.

“ஏதோ ஒண்ணு. எம் பையனுக்கு மூலம்னு எவன் சொன்னான்? எந்த டாக்டரு சொன்னான்?”

அவர் பெயர் ஆரோக்கியராஜ். புதுப்பட்டினத்தில் ஐஸ் கம்பெனி வைத்திருந்தார். மகன் டேனியலுக்குப் பெண் தேடி, செங்கல்பட்டில் ஜெகதாம்பா அம்மா நடத்திய வரன் தகவல் மையத்தில் பதிந்திருந்தார். அந்த மையத்தின் தகவல்களை ஏற்றி, அச்சடித்துக் கொடுப்பது எங்கள் வேலை. கையில் ஒரு தாளை வைத்து ஆட்டினார். நாங்கள் அடித்துக் கொடுத்த தாள்தான்.

“பொண்ணு வூட்ல இருந்து போன் வருது. நேரா கேக்க மாட்றாங்க. பையன் நாள்பூரா உக்காந்து பாக்குற வேலையா, காரம் சேத்துப்பாரான்னு சுத்தி வளச்சிக்கினே கீறாங்க. எனக்கு ஒண்ணும் பிரியல. அப்பறம் இந்தத் தாள வாங்கிப் பாத்தா, உயரம், எடை, கலரு எல்லாம் போட்டுட்டுப் பக்கத்துலயே மூலம்! இன்னாம்மா பேஜாரு இது?”

எங்கள் டேட்டா என்ட்ரி ஆபரேட்டர் சுமதி, சிரிப்பை அடக்க முடியாமல் கீபோர்டு மேலேயே கவிழ்ந்துவிட்டாள். எனக்கும் வயிறு குலுங்கியது. “சார், அது வியாதி இல்ல, மூல நட்சத்திரம்” என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். திறந்த வாய் அப்படியே நின்றுவிட்டது.

ஆரோக்கியராஜ் வீட்டார் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மாதா கோயிலுக்குப் போய்ப் பூசை பார்க்கிறவர்கள். அவர் மகனுக்கு நட்சத்திரம் எப்படி வந்தது?


கமாண்ட் மகாராணி

இதைப் படிக்கிற பிள்ளைகளுக்குக் கொஞ்சம் விளக்கவேண்டும். எக்செல் எல்லாம் எங்கள் சென்டருக்கு வந்திராத நேரம். ஒரு யூனிக்ஸ் மெஷின், அதிலிருந்து நாலைந்து டெர்மினல். கறுப்புத் திரை, பச்சை எழுத்து. தகவல் எல்லாம் வெறும் டெக்ஸ்ட் ஃபைலில் இருக்கும். ஒரு ஆளுக்கு ஒரு வரி. வரிக்குள்ளே பெயர், வயது, படிப்பு என்று ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஒரு நெட்டுக்கோடு. ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் நடுவில் இருப்பதைப் பத்தி என்று சொல்லவேண்டும். நாங்கள் யாரும் அப்படிச் சொன்னதில்லை. இங்கிலீஷ் வார்த்தையை அப்படியே இழுத்து வந்து ‘காலம்’ என்போம். “மூணாவது காலத்துல தப்பு கீது பாரு”, “காலம் தள்ளிப்போச்சு” என்று நாங்கள் பேசுவதைக் கேட்டு, டீ கொண்டுவருகிறவர் எங்களை ஜோசியம் படிக்கிறவர்கள் என்றே நினைத்திருந்தார்.

ஜெகதாம்பா அம்மாவின் ஃபைலில் நட்சத்திரம் ஏழாவது காலம். அதில் ஒரு தலைவலி. தமிழ் ஃபான்ட் கிடையாது, எல்லாம் இங்கிலீஷ் எழுத்தில்தான். மூலம் என்பதையே ஒருத்தி ஒரு ‘ஓ’ போட்டு அடிப்பாள், இன்னொருத்தி ரெண்டு போடுவாள், மற்றொருத்தி ‘யூ’ போடுவாள். கம்ப்யூட்டருக்கு அது மூன்றும் மூன்று நட்சத்திரம். பொருத்தம் பார்க்கிற புரோகிராம் முழிக்கும்.

“எல்லாத்தையும் ஒரே மாதிரி மாத்திக் குடும்மா. ஒரு வாரம் ஆவுமா?” என்று ஜெகதாம்பா அம்மா கேட்டார்.

“ஒரு வாரமா? நீங்க காபி குடிச்சி முடிங்க” என்றேன் நான்.

அந்த நாளில் என் திமிர் அப்படி. மற்றவர்கள் எடிட்டரைத் திறந்து வரிவரியாகத் திருத்துவார்கள். நான் ஒற்றை வரி கமாண்டில் முடிப்பேன். ஆபீஸில் என்னை ‘கமாண்ட் மகாராணி’ என்று கிண்டல் செய்வார்கள். கிண்டல் என்று புரியவே எனக்குப் பல வருஷம் ஆனது. பட்டம் என்றே நினைத்திருந்தேன்.

மகாராணி என்ன செய்தேன் என்றால், ‘கட்’ என்ற கமாண்டால் ஏழாவது காலத்தை மட்டும் வெட்டித் தனி ஃபைலில் வைத்தேன். எழுத்தை மாற்றுகிற ‘செட்’ கமாண்டால் எல்லா மூலத்தையும் ஒரே மூலமாக்கினேன். மற்ற நட்சத்திரங்களையும் அப்படியே. முடித்துவிட்டுத் திரையில் ஓடவிட்டுப் பார்த்தேன். வரிசையாக நட்சத்திரம் அழகாக ஓடியது. நடுநடுவே மட்டும் காலி வரிகள். இந்தப் பெண்கள் என்டரை ரெண்டு தரம் தட்டிவிடுகிறார்களே, சுத்தமே கிடையாது என்று திட்டிக்கொண்டு, காலி வரியை எல்லாம் ஒரே கமாண்டில் நீக்கினேன். பிறகு ‘பேஸ்ட்’ கமாண்டால் அந்தக் காலத்தை மறுபடியும் அதன் இடத்தில் ஒட்டினேன். பழைய ஃபைல் மேலேயே சேமித்தேன். பேக்கப்பா? மகாராணிக்கு எதற்குப் பேக்கப்?

ஜெகதாம்பா அம்மா டம்ளரைக் கீழே வைப்பதற்குள் வேலை முடிந்தது. அவர் வாய்விட்டுப் பாராட்டினார். நானும் வெட்கமில்லாமல் வாங்கிக்கொண்டேன்.

காலி வரிகள் யாருடைய கைத்தவறும் இல்லை. மையத்தில் பதிந்திருந்த கிறிஸ்தவக் குடும்பங்கள் அவை. அவர்களுக்கு நட்சத்திரம் கிடையாது, அதனால் ஏழாவது காலத்தில் ஒன்றும் இல்லை. காலத்தை மட்டும் தனியாக வெட்டி வைத்தால் அதில் ஆள் யாரென்று தெரியாது, வெறும் காலிதான் தெரியும். நான் முதல் காலியை நீக்கிய இடத்தில் அதற்குக் கீழே இருந்த நட்சத்திரம் எல்லாம் ஒரு வரி மேலே ஏறிவிட்டது. அடுத்த காலியில் ரெண்டு வரி. ஃபைலின் அடிப்பக்கம் வரும்போது யார் நட்சத்திரம் யாரிடம் இருந்ததோ ஆண்டவனுக்கே வெளிச்சம். கடைசியில் சில பேருக்கு நட்சத்திரமே மிஞ்சவில்லை. ‘கிறிஸ்டியனாக இருக்கும்’ என்று அப்போது நானே முடிவு கட்டியிருந்தேன். இப்போது பெயரைப் பார்த்தால் வெங்கடேசன், கோமளவல்லி!

ஆரோக்கியராஜ் சாரை உட்காரவைத்து, சோடா வாங்கிக் கொடுத்து, பெண் வீட்டுக்கு நானே போன் போட்டு விளக்கினேன். அவர் தாளை மடித்துக்கொண்டே, “மெஷினு மேல பழி போடாத வரைக்கும் சர்தான்” என்று சொல்லிவிட்டுப் போனார். மெஷின் மேல் பழி போடத்தான் நான் முதலில் யோசித்திருந்தேன்.


டேனியலுக்கு அடுத்த வரி

அவர் போனபிறகு ஃபைலைத் திறந்தேன். டேனியல்தான் முதல் காலி. அப்படியானால் டேனியலிடம் போன மூலம், அவனுக்கு அடுத்த வரியில் இருந்தவருடையது. புதுப்பட்டினத்திலிருந்து வந்து ஒரே நாளில் பதிந்தவர்கள் வரிசையாக இருந்தார்கள். அடுத்த வரியைப் படித்தேன்.

சுமதி. எங்கள் சுமதி. நாலடி தள்ளி உட்கார்ந்து பேரீச்சம்பழ வியாபாரி ஒருவரின் விலாசங்களை அடித்துக்கொண்டிருந்தவள்.

அவளும் புதுப்பட்டினம்தான். முப்பதைத் தாண்டியிருந்தாள். வந்த வரன் எல்லாம் நட்சத்திரத்தைக் கேட்டதும் திரும்பிப் போனது. மூல நட்சத்திரப் பெண் வந்தால் மாமனாருக்கு ஆகாது என்று ஒரு பேச்சு. மாமனார் உயிரோடு இருக்கிற வீடு எதுவும் அவளைத் தொடவில்லை. ஜெகதாம்பா அம்மாவின் ஃபைலில் தன் வரியைத் தன் கையாலேயே அடித்தவள் அவள். மூலம் என்று ஒளிக்காமல் அடித்திருந்தாள். இப்போது அவள் வரியில் உத்திரம் என்று இருந்தது. கீழ்வீட்டு நட்சத்திரம் குடியேறிவிட்டது.

இதற்குள் அவளுக்குக் கல்யாணம் நிச்சயம் ஆகும் நிலையில் இருந்தது. அணுபுரம் குவார்ட்டர்ஸில் ஒரு குடும்பம். பையனும் அப்பாவும் சம்பளக்காரர்கள், தெற்கே இருந்து வேலைக்காக வந்தவர்கள். மையத்தின் தாளைப் பார்த்துவிட்டு வந்தார்கள், பெண்ணைப் பிடித்திருக்கிறது என்றார்கள். சுமதியின் அம்மா ஜாதகத்தை எடுத்து நீட்டினாராம். பையனின் அப்பா, “கம்ப்யூட்டர்லயே பொருத்தம் பாத்தாச்சும்மா, இதுக்கு மேல ஜோசியருக்கு எதுக்கு?” என்று கையெடுத்துக் கும்பிட்டிருக்கிறார். மூலம் என்று தெரிந்தும் இப்படிப் பேசுகிற மனிதர்கள் உண்டா என்று அம்மாவும் மகளும் ராத்திரி உட்கார்ந்து அழுதார்களாம். அந்த வாரம் முழுக்கச் சுமதி கீபோர்டைத் தட்டுவதே பாட்டு மாதிரி கேட்டது.

எங்கள் முதலாளியிடம் போய்ச் சொன்னேன். அவர் நிதானமாகக் காது குடைந்தார்.

“யாருக்குத் தெரியப் போவுது? கல்யாண விஷயத்துல கைய வெக்காத. காலம் மாறுனது மாறுனதாவே இருக்கட்டும், வுடு.”

பொய் சொல்வானேன், மதியச் சாப்பாடு முடியும்வரை அந்த யோசனை எனக்கும் பிடித்திருந்தது. நான் செய்த முட்டாள்தனத்தால் ஒருத்திக்கு நல்லது நடந்தால் அது முட்டாள்தனம் இல்லையே என்று கணக்குப் போட்டேன். ஆனால் அணுபுரத்து மாமனாருக்கு நாளைக்கு ஒரு தலைவலி வந்து, அன்றைக்குப் பார்த்து அந்த ஜாதகம் பெட்டியிலிருந்து வெளியே வந்தால்? நான் சென்டரில் உட்கார்ந்து கமாண்ட் அடித்துக்கொண்டிருப்பேன். அந்த வீட்டில் நிற்கப்போகிறவள் அவள்.

சாயங்காலம் அவள் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டேன். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல், தொழில் பாஷையிலேயே ஆரம்பித்துத் தொலைத்தேன்.

“சுமதி, உன் காலம் மாறிப்போச்சு.”

அவள் முகம் சிவந்தது. “எங்க அம்மாவும் அதத்தாங்க்கா சொல்லிக்கினே கீது” என்றாள்.

“அய்யோ, அது இல்லடி. காலம். ஏழாவது காலம்.”

திரையைத் திருப்பிக் காட்டினேன். அவள் தொழில் தெரிந்தவள், விளக்கவேண்டிய அவசியமே இல்லை. உத்திரம் என்று இருந்ததைப் படித்தாள். மேலே டேனியல் வரியைப் பார்த்தாள்.

“அப்ப, தெரிஞ்சு வரலியாக்கா அவங்க?”

அவளுக்குக் கல்யாணம் போய்விடுமோ என்பதைக் காட்டிலும் அதுதான் வலித்தது. என்னை அடித்திருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.


டம்ளர்களும் மூடிகளும்

சொல்லிவிடுவது என்று அவளேதான் முடிவு செய்தாள். “நீயும் வா. உன் கமாண்ட நீயே சொல்லு” என்று என்னையும் இழுத்துக்கொண்டாள். கல்பாக்கம் போகிற பஸ்ஸில் ஏறி அணுபுரத்தில் இறங்கினோம். வழியெல்லாம் நான் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பியே உட்கார்ந்திருந்தாள்.

பையன் டூட்டிக்குப் போயிருந்தான். அப்பாவும் அம்மாவும் இருந்தார்கள். சம்பந்தி வீட்டுப் பெண் தானாக வந்திருக்கிறாள் என்று காபி போட்டு, நாலு டம்ளரிலும் மூடி போட்டு எடுத்து வந்தார்கள். நான் டெலிமிட்டர், கட், பேஸ்ட் என்று ஆரம்பித்தேன். பையனின் அம்மா சுமதியைப் பார்த்து, “இந்தம்மாவுக்கு உடம்பு சரியில்லையா?” என்று கேட்டார்.

வேறு வழியில்லாமல் டம்ளர்களை வரிசையாக வைத்தேன். “இது ஆளுங்க. மேல இருக்கிற மூடி நட்சத்திரம். முதல் டம்ளருக்கு மூடி கிடையாது, அவங்க கிறிஸ்டியன்” என்று அதன் மூடியை எடுத்து ஓரமாக வைத்தேன். “நான் என்ன பண்ணேன்னா, ரெண்டாவது டம்ளர் மூடியத் தூக்கி முதல் டம்ளர் மேல போட்டேன். மூணாவது மூடிய ரெண்டாவதுக்குப் போட்டேன். ரெண்டாவது டம்ளர்தான் சுமதி.”

“காபி ஆறுதும்மா” என்றார் பையனின் அம்மா.

பையனின் அப்பாவுக்குப் புரிந்துவிட்டது. ரெண்டாவது டம்ளரின் மூடியைத் தொட்டு, “இதோட சொந்த மூடி என்னது?” என்று கேட்டார்.

“மூலம்” என்றாள் சுமதி.

அவர் மனைவி எழுந்து போய்ச் சமையலறைக் கதவருகே நின்றுகொண்டார். அவர் மட்டும் சுமதியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஏம்மா, சொல்லாம இருந்திருந்தா எங்களுக்குத் தெரியவா போகுது? எதுக்கு இவ்வளவு தூரம் வந்து சொல்றே?”

“உங்களுக்கு ஒரு காய்ச்சல் வந்தாகூட நாந்தானோன்னு நெனச்சி நெனச்சி சாவணும் சார். என்னால அது முடியாது” என்றாள்.

அவர் எங்களை வாசல்வரை வந்து வழியனுப்பினார். நல்ல மனிதர்தான். ஆனால் அந்த வாரமே ஆபீஸுக்குப் போன் வந்தது. “எனக்கு ஒண்ணும் இல்லம்மா, வீட்ல பயப்படுறாங்க” என்றார். போனை எடுத்தது சுமதி. “பரவால்ல சார், உடம்பப் பாத்துக்கங்க” என்று வைத்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து விலாசம் அடிக்க ஆரம்பித்தாள். நான் பாத்ரூமுக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டு அழுதேன். கமாண்ட் மகாராணி, குழாயைத் திறந்துவிட்டு, சத்தம் வெளியே கேட்காமல்.


விட்டுப்போகாதது

ஃபைலைச் சரிசெய்யவேண்டும். காலி வரிகளை மறுபடி நுழைத்துவிட்டால் போதும் என்று கிளம்பினேன். எங்கே நுழைப்பது? பெயரைப் பார்த்தால் கிறிஸ்தவர் யாரென்று தெரிந்துவிடும் என்று நினைத்தேன். பாதிப்பேர் செல்வி, ராஜா, கலா. தெரியாது. ஜெகதாம்பா அம்மாவிடம் போய், அசல் படிவங்களை மூட்டையாக வாங்கி வந்தேன். அவர் திட்டியதை இங்கே எழுத முடியாது. அவர் குடித்த அந்தக் காபியை நான் வாங்கிக் கொடுத்திருக்கவே கூடாது என்பது அதில் நாகரிகமான பகுதி.

ஏழாவது காலத்தை முழுக்க மறுபடி அடிக்கிற வேலையைச் சுமதி எடுத்துக்கொண்டாள். நான் செய்கிறேன் என்றதற்கு, “நீ சும்மா இருக்கா, அதுவே போதும்” என்றாள். இந்தத் தடவை ஒவ்வொரு வரிக்கும் முதலில் எண் போட்டோம். காலத்தைத் தனியாக வெட்டினாலும் எண்ணோடு சேர்த்தே வெட்டினோம். ஒட்டும்போது எண் பார்த்துச் சேர்த்தோம். பழைய ஃபைலை வேறு பெயரில் பத்திரமாக வைத்தோம். இன்றைக்கும் எங்கள் ஆபீஸில் புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்லிக்கொடுக்கிற முதல் பாடம் இதுதான். காலி வரியைப் பார்த்தால் அழிக்கக் கை பரபரக்கும். அது யாருடையது என்று கேட்டுவிட்டுத் தொடுங்கள். ஒன்றும் எழுதாமல் விடுவதும் ஒருத்தர் சொல்கிற பதில்தான்.

அடித்து முடித்ததும் நான் சரிபார்த்தேன். டேனியலுக்குக் காலி. சரி. அடுத்த வரி சுமதி. அதிலும் காலி.

“சுமதி, உன்னுது விட்டுப்போச்சு.”

“விட்டுப்போகலக்கா.”

ஜெகதாம்பா அம்மா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு அந்த வரியைப் பார்த்தார். “நீ கிறிஸ்டியனும் இல்ல. நட்சத்திரம் போடாம வுட்டா எவன்டி வருவான்?”

“அது போடாட்டியும் வர்றவன் வரட்டும்மா. யாராவது கேட்டா மூலம்னு நானே சொல்லிக்கிறேன். அத மொதல்ல படிச்சிட்டு, அப்பறமா எம் பேரப் படிக்க வேணாம்.”

அவர் என்னைப் பார்த்தார். நான் தாளைப் பார்த்தேன். அந்தக் காலியை நான் தொடவில்லை. ஒவ்வொரு தடவை ஃபைலைத் திருத்தும்போதும் அது இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிட்டுத்தான் மற்ற வேலை.

ரொம்ப நாள் யாரும் வரவில்லை. பிறகு செய்யூரிலிருந்து ஒரு பம்புசெட் மெக்கானிக் வீட்டார் வந்தார்கள். பெண் பார்க்க வந்த அன்றைக்கு நான் புதுப்பட்டினத்தில் அவள் வீட்டு அடுப்படியில் வாழைக்காய் பஜ்ஜி போட்டுக்கொண்டிருந்தேன். கமாண்டைவிட அதைத்தான் நான் ஒழுங்காகச் செய்வேன். மாப்பிள்ளையின் அப்பா ஆஜானுபாகுவான ஆள், கூடத்தில் அவர் குரல் மட்டும் தனியாகக் கேட்டது.

“தாள்ல நட்சத்திரம் போடலியே. இன்னா நட்சத்திரம்மா?”

என் கையில் ஜல்லிக்கரண்டி அப்படியே நின்றது. எண்ணெய் சொட்டிக்கொண்டிருந்தது.

“மூலம்” என்றாள் சுமதி. குரல் நடுங்கவே இல்லை.

கூடத்தில் என்ன பேசினார்கள் என்று எனக்குக் கேட்கவில்லை. சட்டியில் பஜ்ஜி பொரிகிற சத்தம்தான் கேட்டது. சுமதி காலித் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே வந்தாள். என் பக்கத்தில் வந்து நின்று ஒரு நிமிஷம் மூச்சு வாங்கினாள்.

“சொல்லிட்டேங்க்கா. ஒண்ணுமே ஆவல. இன்னும் ரெண்டு பஜ்ஜி கேக்குறாரு.”